பால்மறக்கும் பருவம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரட்சிக்கப்பட்டு 11 வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் ஜெபிக்க முழங்கால் போட்டாலே கண்ணீர் வரும், வேதத்தைத் திறந்தால் ஒவ்வொரு வசனமும் உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். இப்போது இரண்டும் இல்லை. வீட்டில் வரும் கோபம் மட்டும் அன்று இருந்ததுபோலவே இருக்கிறது. சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறீர்கள், எல்லாரும் உங்களை ஆவிக்குரியவர் என்கிறார்கள், உங்களுக்கோ நாம் நடிக்கிறோமோ என்று பயம். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சொத்து விஷயத்தில் அண்ணனோடு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. கடைசியில் கேட்கிறீர்கள், "நான் வளர்கிறேனா, பின்வாங்கிப் போகிறேனா? ஆவிக்குரிய முதிர்ச்சிக்கு வர என்ன செய்ய வேண்டும்?"

உங்கள் வறட்சியைப் பற்றி என்னிடம் ஆறுதலான பதில் இருக்கிறது. அண்ணனைப் பற்றிய வரிக்கு அவ்வளவு ஆறுதலாக இல்லாத பதில்தான் இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், இப்போதே சொன்னால் மற்றதைப் படிக்க மாட்டீர்கள்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'தெலெயோஸ்' என்று ஒரு சொல் வருகிறது. எட்டவேண்டிய இடத்தை எட்டியது, முழுமையானது, ஆள் என்றால் வளர்ந்த ஆள் என்று பொருள். நம் பழைய தமிழ் வேதாகமம் இதை இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்கிறது. மத்தேயு 5:48-இல் 'பூரண சற்குணர்', எபிரெயர் 5:14-இல் 'பூரண வயதுள்ளவர்கள்', பிலிப்பியர் 3:15-இல் 'தேறினவர்கள்'. எனக்குப் பிடித்தது கடைசிச் சொல். பரீட்சையில் தேறினான் என்கிறோம், காய்ச்சலில் கிடந்தவன் உடம்பு தேறிவிட்டான் என்றும் சொல்கிறோம். ஆவிக்குரிய முதிர்ச்சியைப் பேசும்போது நாம் பரீட்சையையே நினைத்துக்கொள்கிறோம். எனக்கென்னவோ காய்ச்சல்காரன்தான் பொருத்தமாகத் தெரிகிறான். அவனுக்கு மதிப்பெண் கிடையாது. நேற்று இரண்டு வாய் சாப்பிட்டான், இன்று எழுந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான் கணக்கு.

பிலிப்பியரின் அதே பகுதியில் இன்னொரு விசேஷம். 12-ஆம் வசனத்தில் பவுல், தான் "முற்றும் தேறினவனானேன்" என்று எண்ணவில்லை என்கிறார். மூன்று வசனம் தள்ளி, "நம்மில் தேறினவர்கள் யாவரும் இந்தச் சிந்தையாயிருக்கக்கடவோம்" என்று தன்னையும் சேர்த்துச் சொல்கிறார். முரண்பாடாகத் தோன்றும். நின்று வாசித்தால் விஷயம் பிடிபடும்: இன்னும் எட்டவில்லை, ஆசையாய்த் தொடருகிறேன் என்ற சிந்தைதான் தேறினவர்களின் சிந்தை. சிறையில் இருந்துகொண்டு, பல சபைகளை நட்டு முடித்த மனிதர் எழுதியது இது. நீங்கள் 11 வருஷத்தில் "நான் எங்கே நிற்கிறேன்" என்று கேட்டதைப் பார்த்து நான் கவலைப்படாததற்கு இது முதல் காரணம்.

எதை வைத்து அளக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபைகளில் தப்பான அளவுகோல்தான் அதிகம் புழங்குகிறது. நன்றாக ஜெபிக்கிறவர், அபிஷேகத்தோடு பேசுகிறவர், வரங்கள் உள்ளவர் எல்லாரையும் முதிர்ந்தவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். கொரிந்து சபையைப் பாருங்கள். ஒரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று முதல் அதிகாரத்திலேயே (1 கொரிந்தியர் 1:7) பவுல் சொல்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் அதே ஆட்களைக் கிறிஸ்துவுக்குள் குழந்தைகள் என்கிறார், பாலைத்தான் கொடுத்தேன், சோற்றுக்கு நீங்கள் தயாராகவில்லை என்கிற தொனியில். ஆதாரமாக அவர் காட்டுவது என்ன? பொறாமை, வாக்குவாதம், பேதகம். நான் பவுலின் கட்சி, நீ அப்பொல்லோவின் கட்சி என்ற சண்டை. வரம் எல்லாம் இருந்தும் அவர்கள் குழந்தைகள் என்பதற்கு அவர்கள் ஒருவரோடொருவர் பழகிய விதமே சாட்சி. அறிவும் அப்படித்தான். எட்டாம் அதிகாரத்தில், "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். வேத வினாவிடைப் போட்டியில் பரிசு வாங்கிய எனக்கு இந்த வசனம் ரொம்ப நாள் பிடிக்காமல் இருந்தது.

சரி, வறட்சிக்கு வருகிறேன்.

பாலையும் பலமான ஆகாரத்தையும் பற்றி எபிரெயர் நிருபம் பேசுகிறது, எல்லாருக்கும் தெரியும். அதே பாலைப் பற்றி 131-ஆம் சங்கீதத்தில் ஒரு வரி இருக்கிறது, அதிகம் பேர் நின்று வாசிப்பதில்லை. மூன்றே வசனம் உள்ள குட்டிச் சங்கீதம். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறது. பால்குடிக்கும் குழந்தையை மடியில் போட்டால் அது சும்மா இருக்காது. முகத்தை முட்டி முட்டித் தேடும், கிடைக்காவிட்டால் அழும். அதற்கு அம்மா என்றாலே பால்தான். பால்மறந்த குழந்தையும் அதே மடிக்குத்தான் வருகிறது. ஆனால் எதையும் தேடி முட்டுவதில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு இப்போது அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருக்கும் நாட்களைப் பற்றிச் சங்கீதக்காரர் எழுதவில்லை. பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது தெரியும். இராத்திரி முழுக்க அழுகை. நேற்றுவரை கொடுத்தவள் இன்று ஏன் கொடுக்கவில்லை என்று குழந்தைக்குப் புரியாது. அம்மாவுக்குத் தன்மேல் அன்பு போய்விட்டது என்றுதான் அதற்குத் தோன்றும். அவளோ பக்கத்திலேயே தூங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவையின் யோவான் (1542-1591) இந்தப் படத்தை எடுத்து விரித்து எழுதியிருக்கிறார். புதிதாக மனந்திரும்பியவரைத் தேவன் தாய்போல மார்போடு அணைத்துப் பால் கொடுக்கிறார், வளர வளர மார்பில் கசப்பைத் தடவி, இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு நடக்கச் சொல்கிறார் என்பது அவர் சொன்ன விஷயம். சாவகாசமாக உட்கார்ந்து எழுதிய மனிதர் அல்ல. தன் துறவற சபையைச் சீர்திருத்த முயன்றதற்காக அந்தச் சபையினரே 1577 கடைசியில் அவரைப் பிடித்து, தொலேதோ நகரில் ஒரு சின்ன அறையில் ஒன்பது மாதம்போல அடைத்துவைத்தார்கள். வறட்சி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

இந்த வறட்சி வளர்ச்சியா, வெதுவெதுப்பா என்று கண்டுபிடிக்க அவர் சில அடையாளங்கள் சொல்கிறார். ஒன்று, தேவனுடைய காரியங்களில் ருசி போனவனுக்கு மற்ற காரியங்களிலும் ருசி கிடைக்காது. வெதுவெதுப்பானவனுக்கோ ஜெபம்தான் சலிக்கும், மற்றதெல்லாம் நன்றாக இனிக்கும். இரண்டாவது, நான் தேவனுக்கு உண்மையாக இல்லையோ, பின்னுக்குப் போகிறேனோ என்ற கவலை அவனை விடாமல் அரிக்கும். உங்கள் கேள்வி முழுக்க அந்தக் கவலைதான் இருக்கிறது.

என் அனுபவத்தில் ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. காலையில் லேவியராகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். இருபது நிமிஷமாவது ஆகியிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன், ஆறு நிமிஷம்தான் ஆகியிருக்கும். மறுபடி வாசிப்பேன், மறுபடி பார்ப்பேன். ஒன்பது நிமிஷம். அந்தக் காலம் எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. பழைய கண்ணீர் திரும்ப வரவும் இல்லை. ஒருநாள் உட்கார்ந்து எழுந்தபோது கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. சாட்சி சொல்ல இதில் ஒன்றுமே இல்லை, இதை யாரிடமும் நான் சாட்சியாகச் சொன்னதும் இல்லை.

முதலாம் யோவான் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் பிள்ளைகள், வாலிபர், பிதாக்கள் என்று மூன்று கூட்டத்தாருக்குத் தனித்தனியே எழுதி, அதை இரண்டு தடவை சொல்கிறது. பிள்ளைகளிடம் முதலில் உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார், அடுத்த தடவை பிதாவை அறிந்திருக்கிறீர்கள் என்கிறார். வாலிபரிடம் பொல்லாங்கனை ஜெயித்தீர்கள் என்கிறார், அடுத்த தடவை பலவான்களாயிருக்கிறீர்கள், வசனம் உங்களில் நிலைத்திருக்கிறது என்று கூட்டிச் சொல்கிறார். பிதாக்களுக்கு மட்டும் இரண்டு தடவையும் ஒரே வரி: ஆதிமுதலிருக்கிறவரை அறிந்திருக்கிறீர்கள். கூட்டிச் சொல்ல அவருக்கு வேறொன்றும் இருக்கவில்லை. பால்மறந்த குழந்தை வயசாகிப் பிதாவானபின்னும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் எல்லா வறட்சியையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக்கூடாது. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார், மறுபடி தட்டி எழுப்பிச் சாப்பாடு. பேச்செல்லாம் அப்புறம்தான். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காலையில் எழுந்திருக்கவே பாரமாக இருக்கிறது என்று வாரக்கணக்கில் போனால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைச்சல் கிடையாது. அறிக்கையிடாமல் மூடிவைத்த பாவமும் வறட்சியைக் கொண்டுவரும், 32-ஆம் சங்கீதத்தில் தாவீது எலும்புகள் உலர்ந்துபோனதாகச் சொல்வது அதைத்தான். உங்களுடைய வறட்சி இதில் எது என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று காரணம் ஒன்றாகவும் இருக்கலாம்.

அடுத்தது உங்கள் கோபம். "அப்படியே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே அப்படியேவா? நான் கேட்பது, கோபம் வருகிறதா என்று அல்ல. வந்தபிறகு என்ன நடக்கிறது? 11 வருஷத்துக்கு முன்னால் கத்திவிட்டு, என்மேல் தப்பில்லை என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். இப்போது ஒரு மணி நேரத்தில் மனசு குத்துகிறதா? போய் மன்னிப்புக் கேட்கிறீர்களா? கேட்கும்போது "ஆனால் நீயும்..." என்று ஒரு வால் ஒட்டாமல் கேட்க முடிகிறதா? விழுவதற்கும் எழுந்திருப்பதற்கும் நடுவில் இருக்கும் நேரம் குறைந்திருந்தால் அதை வளர்ச்சி என்று எழுதிக்கொள்ளலாம். யாக்கோபு 3:2 "ஒருவன் சொல்தவறாதவனானால் அவன் பூரணபுருஷன்" என்கிறது. அதற்கு முன் அதே வசனம், நாம் எல்லாரும் அநேக விஷயங்களில் தவறுகிறோம் என்று தொடங்குகிறது. யாக்கோபு தன்னையும் அந்த 'நாம்' என்பதில் வைத்துத்தான் எழுதுகிறார்.

நாம் மோசமாகிக்கொண்டே போகிறோம் என்ற உணர்வுகூட எப்போதும் கெட்ட அறிகுறி ஆகாது. பவுலின் நிருபங்களைச் சபை வழக்கமாக வைக்கும் கால வரிசையில் வைத்துப் பாருங்கள். கொரிந்தியருக்கு எழுதும்போது அப்போஸ்தலரெல்லாரிலும் தான் சிறியவன் என்கிறார். எபேசியருக்கு எழுதும்போது பரிசுத்தவான்களெல்லாரிலும் சிறியவன். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாவிகளில் "பிரதான பாவி நான்". வருஷம் ஏற ஏறத் தன்னைப் பற்றிய மதிப்பீடு இறங்கிக்கொண்டே போகிறது. ஆனாலும் மனிதர் சோர்ந்துபோய் மூலையில் உட்காரவில்லை. மூன்று இடத்திலும் அடுத்த வரியில் கிருபையைப் பற்றியோ இரக்கத்தைப் பற்றியோதான் பேசுகிறார்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சபையில் கமிட்டிக் கூட்டம். கணக்கு வாசித்த மூப்பருக்கு எழுபது வயதிருக்கும். சபையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஒரு பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, எழுந்து, "ஐயா, உதவி நிதியில இருந்து எடுத்தது ரெண்டு தடவ எழுதியிருக்கு" என்றான். மூப்பர் முகம் சிவந்துவிட்டது. "நான் இந்தக் கணக்கை நீ பிறக்கிறதுக்கு முன்னாலேருந்து எழுதுறேன்" என்றார். பையன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த கூட்டத்தில் ஆரம்ப ஜெபம் முடிந்ததும் மூப்பர் நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார், பக்கத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தார். "தம்பி சொன்னது சரி. ரெண்டு தடவ எழுதியிருக்கேன். போன தடவ தம்பிகிட்ட நான் பேசினதும் சரியில்ல. எல்லார் முன்னாலயும் பேசினேன், அதனால எல்லார் முன்னாலயும் சொல்றேன்." உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

அவருக்கு எழுபது வயதிலும் சுருக்கென்று கோபம் வந்ததைக் கவனியுங்கள். பேதுருவும் அப்படித்தான். சேவல் கூவுவதற்கு முன் மறுதலித்த கதையை எல்லாரும் சொல்வோம், பெந்தெகொஸ்தே நாளில் அவர் பிரசங்கித்ததையும் சொல்வோம். அந்தியோகியாவில் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. பெந்தெகொஸ்தே எல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து, யாக்கோபினிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுப் பயந்து விலகினார், பவுல் முகத்துக்கு நேரே கண்டிக்க வேண்டியிருந்தது (கலாத்தியர் 2). மனுஷருக்குப் பயப்படுவதுதான் பேதுருவின் பழைய வியாதி. இத்தனை அபிஷேகத்துக்கு அப்புறமும் அது ஒருநாள் எட்டிப்பார்த்தது. அதனால் அவர் வளரவே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

இந்த ஜீவியத்திலேயே பூரணம் கிடைக்குமா என்பதில் சபைகளுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. முழுமையான அன்பு இங்கேயே சாத்தியம் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்தார். மரணம் வரைக்கும் போராட்டம் ஓயாது என்பது லூத்தரன், சீர்திருத்த சபையாரின் நிலைப்பாடு. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபையார் தேவ சாயலில் பங்கடைதல் என்ற பெரிய சித்திரத்துக்குள் வைத்து இதைப் பேசுவார்கள். உங்களுக்கு இன்று இந்த விவாதம் தேவைப்படாது.

வளரச் செய்கிறவர் யார், நாமா தேவனா என்ற கேள்வி தேவைப்படும். மாற்கு 4-இல் ஒரு சின்ன உவமை, மற்ற சுவிசேஷங்களில் கிடையாது. ஒருவன் விதைத்துவிட்டு இரவில் தூங்கிப் பகலில் விழிக்கிறான், அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைத்துப் பயிராகிறது. முதலில் முளை, பின்பு கதிர், பின்பு கதிரில் நிறைந்த தானியம். விதைத்தவன் தினமும் தோண்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதற்காக அவன் விதைக்காமலும் இருக்கவில்லை. பிலிப்பியர் 2-இல் பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள், ஏனென்றால் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன். நம் பங்கு, தினமும் மண்ணைச் சரியாக வைத்திருப்பது. பெரும்பாலும் சலிப்பான வேலை அது.

என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். வருஷத்துக்குள் வேதம் முழுவதும் வாசித்து முடிக்கும் அட்டவணையை ஒரு வருஷம் ஓரமாக வையுங்கள். ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து ஒரு மாசம் தினமும் முழுதாக வாசியுங்கள். பிலிப்பியர் என்றால் நாலு அதிகாரம், 104 வசனம், கால் மணி நேரத்தில் முடியும். முதல் வாரம் ஏற்கனவே தெரிந்ததுதானே என்று இருக்கும். இரண்டாம் வாரம் சலிப்பு. மூன்றாம் வாரம், நாலாம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களை ஒருமனப்படச் சொல்லிப் பேர் குறிப்பிட்டு எழுதியிருக்கிறாரே, அந்த நிருபத்தைச் சபையில் எழுந்து வாசித்தபோது அந்த இரண்டு பேரும் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பிப்பீர்கள். அதற்கப்புறம் நிருபம் உங்களை வாசிக்கத் தொடங்கும்.

சொந்த வார்த்தை வராத நாட்களில் சங்கீதங்களை ஜெபமாகச் சொல்லுங்கள். பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் தன் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கில் 150 சங்கீதமும் ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்று வந்துவிட வேண்டும். நமக்கு ஒரு மாசம் போதும். சந்தோஷமான சங்கீதங்களை மட்டும் பொறுக்காதீர்கள். 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டாகவே முடிகிறது, ஆறுதல் வசனமே கிடையாது. அதையும் ஜெபம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இராத்திரி படுக்கும்முன் பத்து நிமிஷம் அன்றைய நாளைத் திரும்பப் பார்ப்பது இன்னொன்று. இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா தன்னோடு இருந்தவர்களுக்கு வலியுறுத்திய பழக்கம் இது. முதலில் நன்றி, அப்புறம் காலையிலிருந்து அந்த நாளை ஓட்டிப் பார்ப்பது, எங்கே இடறினோம், யாரிடம் நாளை பேச வேண்டும் என்று பார்ப்பது. பொதுவாக "என் பாவங்களை மன்னியும்" என்று முடித்தால் பிரயோஜனமில்லை. "சாயந்தரம் பிள்ளையை அப்படிச் சொன்னேனே" என்று குறிப்பாக வர வேண்டும்.

தனியாக வளர முடியாது என்பதை நான் ரொம்பத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். உங்கள் நிலைமையில் இதுதான் முக்கியம், ஏனென்றால் நீங்கள் நடத்துகிறவர், உங்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வெஸ்லியின் ஆட்கள் ஜெபக் கட்டடக் கடனை அடைக்க ஒரு வழி செய்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளி, அவர் வாரத்துக்கு ஆளுக்கு ஒரு பென்னி வசூலிப்பார். வசூலிக்க வீடு வீடாகப் போனபோதுதான் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியவந்தது. அதிலிருந்து வாரம் ஒருமுறை கூடி, உன் ஆத்துமா எப்படியிருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்கும் வகுப்புகள் உருவாயின. மெதடிஸ்ட் இயக்கம் நிலைத்ததில் பிரசங்கத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்த வகுப்புகளுக்கும் உண்டு. உங்களுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம். உங்களிடம் "பிரதர், நேத்து நீங்க பேசினது சரியில்ல" என்று சொல்லக்கூடிய இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள், அதைச் சொல்ல அவர்களுக்கு அனுமதி கொடுங்கள். நடிக்கிறேனோ என்ற பயத்தை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். சொன்ன அன்றைக்கே பாதி நடிப்பு போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. முதிர்ச்சி என்ற வார்த்தையை வைத்து மற்றவர் வாயை அடைப்பதும் நடக்கிறது. வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம், "முதிர்ச்சியுள்ளவள் பொறுத்துப்போவாள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. சபைத் தலைமையின் தவற்றைக் கேட்டால், "நீங்க இன்னும் ஆவியில வளரணும்" என்பார்கள். எபிரெயர் 5:14 பூரண வயதுக்குக் கொடுக்கும் அடையாளமே நன்மை தீமையைப் பகுத்தறிவது. கொடுமையைக் கொடுமை என்று சொல்லத் தெரியாததற்குப் பெயர் பொறுமை ஆகாது. பாதிக்கப்பட்டவர் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும்.

உங்கள் அண்ணன் விஷயம் அந்த வகையில் சேராது என்று நீங்கள் எழுதியதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். சொத்துச் சண்டை, கோபம், பிறகு மௌனம்.

மாற்கு என்ற யோவானை நினைத்துப்பாருங்கள். முதல் ஊழியப் பயணத்தில் பாதியிலேயே விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போனவன். இரண்டாம் பயணத்துக்கு அவனையும் கூட்டிப்போகலாம் என்று பர்னபா சொன்னார், முடியவே முடியாது என்றார் பவுல். இரண்டு பேருக்கும் கடும் வாக்குவாதம், பிரிந்துபோனார்கள் (அப்போஸ்தலர் 15). யார் பக்கம் நியாயம் என்று லூக்கா எழுதவில்லை. நானும் பல தடவை வாசித்துவிட்டேன், இரண்டு பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. பவுல் கடைசியாகச் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது சொல்கிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." நடுவில் என்ன நடந்தது, யார் முதலில் பேசினார்கள், ஒன்றும் எழுதப்படவில்லை. இந்த ஒரு வரியில் இரண்டு பேரும் வளர்ந்திருப்பது மட்டும் தெரிகிறது.

'பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்' என்ற வசனம் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனம். அது சத்துருக்களைச் சிநேகிப்பதைப் பற்றிய பேச்சின் முடிவாக வருகிறது. அதே அதிகாரத்தில் முன்னால் பலிபீடத்தண்டை நிற்கிறவனைப் பற்றி இயேசு சொல்கிறார். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" ஞாபகம் வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். யாருக்கு யார்மேல் குறை என்று பாருங்கள். எனக்கு அவன்மேல் என்ன குறை என்ற பட்டியல் நம் எல்லாரிடமும் தயாராக இருக்கும். அவர் கேட்பது அண்ணன் கையிலிருக்கும் பட்டியலை.

சொத்தை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் நியாயம் எனக்குத் தெரியாது, அது தனியாகப் பேசித் தீர்க்க வேண்டியது. கூடுமானால் உங்களாலானமட்டும் என்று ரோமர் 12:18 சொல்வதால், அண்ணன் என்ன செய்வார் என்பது உங்கள் பொறுப்பு ஆகாது. போனை எடுத்துக் கூப்பிடுவது உங்கள் பொறுப்பு. சொத்தைப் பற்றிப் பேசாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள், யார் முதலில் தப்புச் செய்தது என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த நாளில் நீங்கள் பேசிய வார்த்தைகளில் எது தப்பு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அதை மட்டும் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர் எடுக்காமல் போகலாம். எடுத்து, இப்பதான் ஞாபகம் வந்துச்சா என்று கேட்டு வைத்துவிடலாம். அப்படி நடந்தால் ஒரு மாசம் விட்டு மறுபடி கூப்பிடுங்கள். வாலிபர் கூட்டத்தை இந்த வாரம் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த நேரத்தில் கூப்பிட்டாலும் சரிதான்.